ஆயிரத்து முப்பத்து மூன்று பேர்

கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது, காங்கேயத்தில் எங்கள் களத்தில் தேங்காய்ப் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏஞ்சாமி, அரசியலப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கோணுமா? டீக்கடையில ஒரு மாசம் ஒக்காந்தாப் பத்தாதா?" என்றார்.

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் நியாயமான கேள்வி என்றுதான் படுகிறது. 1991ல் ஜெயலலிதா காங்கேயத்திலும் பர்கூரிலும் நின்று, இரண்டிலும் ஜெயித்து, பர்கூரை வைத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போனதை எங்கள் ஊர் டீக்கடையில் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். எந்த பூத்தில் யாருக்கு எவ்வளவு விழும், எந்தக் கூட்டத்து ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பாடப்புத்தகம் இதற்கு மேல் என்ன சொல்லித்தந்துவிடும்?

இதற்கான பதிலை நான் கல்லூரியில் கண்டுபிடிக்கவில்லை. மொடக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த என் அத்தையிடம்தான் அது கிடைத்தது.

காங்கேயத்திலிருந்து ஈரோடு ரோட்டில் அறச்சலூரைத் தாண்டிப் பிரிந்தால் மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 வேட்பாளர்கள். பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை எவரும் காதில் வாங்கவில்லை என்று நாட்டுக்குக் காட்டுவதற்காகக் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய். வயதும் டெபாசிட்டும் சரியாக இருந்தால் நிற்காதே என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. தேர்தலையே தள்ளிவைக்க வேண்டி வந்தது. ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஜெயிப்பதற்காக நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

டீக்கடையில் இது ஒரு கெட்டிக்காரத்தனத்தின் கதை. "கவர்மெண்டையே கெறங்க அடிச்சுப்போட்டாங்கல்லோ!" என்று சிரிப்பார்கள். நானும் வகுப்பில் அதே பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஒரு விடுமுறையில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"சீட்டா கண்ணு அது? பொஸ்தகம். எனக்குச் சின்னத்தப் பாத்துக் குத்தித்தான் பழக்கம். பெரட்டறேன் பெரட்டறேன், நம்ம சின்னத்தக் காணோம். பொறத்தால நிக்கறவங்க சலிச்சுக்கறாங்க. கடைசீல ஏதோ ஒண்ணுல குத்திப்போட்டு வந்துட்டேன். ஆருக்குப் போட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அத்தையும் விவசாயிதான். மனுப் போட்டவர்களின் குறை எல்லாம் அவருக்கும் உண்டு. அரசாங்கத்துக்கு வைத்த அடி முதலில் விழுந்தது அவருடைய ஓட்டில். அப்படியானால் அந்த 1,033 பேர் செய்தது தப்பா? அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவனிடம் முறையாகப் பேசு என்று சொல்ல, கேட்காமல் இருந்தவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அத்தையின் ஓட்டு என்ன ஆயிற்று என்று கேட்காமல் அந்தப் போராட்டத்தைக் கொண்டாடவும் இனி எனக்கு வாய் வராது.

அரசு என்ன செய்தது என்பது கதையின் அடுத்த பாதி. டீக்கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதே 1996ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது. சுயேச்சையாக நிற்க 10 பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். எவரும் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற வரம்பும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. வேலியில் இருந்த சந்தை அடைத்தார்கள். அந்தச் சந்தில் ஏன் இத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற கேள்வி வெளியிலேயே நின்றது. அதே வருடம் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன ஜனங்களின் பிரச்சினைக்காக 480 பேர் போட்டியிட்டார்கள். அவர்களுக்கும் இதே வேலிதான்.

வேலி உயர்ந்ததால் கோபம் அடங்கிவிடவில்லை. 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். அவர்களில் 170க்கும் மேற்பட்டோர் மஞ்சளுக்கு வாரியமும் கட்டுப்படியான விலையும் கேட்ட விவசாயிகள். அதற்குள் மக்களவை டெபாசிட் 25,000 ரூபாய் ஆகியிருந்தது. அத்தனை பெயர்களைத் தாங்குவதற்கென்றே தனி வகை வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். முதலமைச்சரின் மகள் கவிதா அந்தத் தேர்தலில் தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்திலேயே திறக்கப்பட்டது. வேட்புமனுவால் மட்டும் அது வந்தது என்று சொன்னால் பொய். மனுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் பொய். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, யார் எதற்குப் பயந்தார்கள், யார் எதை வாக்குக் கொடுத்தார்கள் என்று பொறுமையாகப் பார்ப்பதைத்தான் நான் படிப்பு என்கிறேன்.

டீக்கடைப் பேச்சு யார் ஜெயித்தது என்பதோடு நின்றுவிடுகிறது. இன்றைக்கு அந்த டீக்கடை ஒவ்வொருவர் கைபேசியிலும் ராத்திரி பகலாகத் திறந்திருக்கிறது. அங்கேயும் அதே கேள்விதான். விதியைப் போட்டது யார், அதற்கான விலையைக் கொடுப்பது யார், அதனால் வெளியே நிற்பது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. படித்துவிட்டால் மட்டும் இது தானாக வந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். மூன்று வருடம் படித்த நான்தானே அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்?

போன முறை போனபோது அத்தையிடம் இந்த டெபாசிட் கணக்கை விளக்கினேன். இப்போது சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி, பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் போய்விடும் என்றேன். அத்தை கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"அப்ப, நம்ம காட்டுக்குக் களையெடுக்க வர்றவ நிக்கோணும்னா, அந்தக் காசுக்கு எங்க போவா?"

இதைக் கேட்க அத்தைக்குப் பட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. விதி இன்னதென்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எங்கள் வீட்டிலிருந்து ஒருவன் படித்திருக்க வேண்டியிருந்தது. சித்தப்பா கேட்டால் இப்போது இதைத்தான் சொல்வேன்.