மாலை ஆறு மணிக்குப் பின்

க்வீன் மேரி 2 கப்பலில் மாலை ஆறு மணிக்குமேல் உடை விதி அமலுக்கு வருகிறது. விசேஷ இரவுகளில் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ, டை கட்டிய கறுத்த சூட்டோ அணிந்தே பிரதான உணவுக்கூடத்துக்குள் போகலாம். மற்றவர்களுக்கு பஃபே உண்டு. பட்டினி இல்லை, விலக்கம்தான்.

இதைப் போலித்தனம் என்று தள்ளுவது சுலபம். நார்வீஜியன் குரூஸ் லைன் 2000இல் கட்டாய விருந்துடையைக் கைவிட்டது. வர்க்க பேதம் மட்டும் கப்பலை விட்டு இறங்கவில்லை. அதே நிறுவனத்தின் பெரிய கப்பல்களில் ‘ஹேவன்’ என்றொரு தனிப்பகுதி இருக்கிறது. கூடுதல் பணம் கட்டியவரின் சாவி அட்டைக்குத்தான் அதன் கதவு திறக்கும். சட்டைக் காலரில் தெரிந்த கோடு அட்டைக்குள் ஒளிந்துகொண்டது. ஆக, உடையை ஒழிப்பதால் சமத்துவம் வந்துவிடாது.

அப்படியானால் உடுத்துவது யாருக்காக? 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய இரவில் பெஞ்சமின் குகன்ஹைம் என்ற செல்வந்தர் மாலை உடைக்கு மாறியதாகப் பிழைத்தவர் ஒருவர் சொன்னார். அவருடைய பணியாள் விக்டர் ஜிக்லியோவும் அப்படியே உடுத்தியிருந்தார். சாவின் முன் எஜமானுக்கும் பணியாளுக்கும் ஒரே உடை. அதற்கு முந்தைய எந்த விருந்திலும் அது சாத்தியமாக இருந்திருக்காது.

விருந்துடை சக மனிதனுக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். அந்த வாதத்தை ஏற்கலாம். ஆனால் தினமும் சீருடையில் நின்று பரிமாறுகிறவனும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறான். அவனுக்கு பஃபே என்ற மாற்று வழி கிடையாது. அவனையும் எண்ணிக் கட்டிய டை மரியாதை. எதிர் மேஜைக்காக மட்டும் கட்டியது வேலி.