அவரும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்

சிறிய ஊர்களின் குடிநீர்த் திட்டத்தில் மோட்டாரைப் பார்ப்பவர், குளோரின் கலப்பவர், அளந்து பதிவேட்டில் எழுதுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. அவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது அபூர்வம். அங்கே தவறு நேர்ந்தால் பழி யாரைச் சேரும்? கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வாக்கர்டன் இந்தக் கேள்வியை எதிர்கொண்ட ஊர்.

2000 மே மாதம் அங்கே கனமழை கொட்டியது. ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த அவ்வூரின் ஐந்தாம் எண் கிணறு ஆழமில்லாதது. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச்சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி மழைநீரோடு அதில் இறங்கியது. 7 பேர் இறந்தனர். சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தனர்.

கலந்து 15 நிமிடம் ஆன பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஊரின் குடிநீர் நிலையத்தை நடத்திய சகோதரர் இருவரும் அதைவிடக் குறைவாகவே கலந்தனர். பெரும்பாலான நாட்களில் அளக்கவும் இல்லை. பதிவேட்டில் மட்டும் 0.5 அல்லது 0.75 என்று தவறாமல் எழுதினர்.

அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. ஊராருக்குத் தீங்கு செய்யும் நோக்கம் அவர்களுக்கு இல்லை என்று நீதிபதி டென்னிஸ் ஓகானரின் விசாரணை ஆணையமும் ஏற்றது. அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊராரும் குறைப்பட்டிருந்தார்கள். ஆனாலும் இந்த நல்லெண்ண வாதம் பாதி தூரம்தான் செல்லும். தன் உடம்பைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுக் குழந்தையின் உடம்பை வைக்க இல்லை. மேலும், குறைந்த குளோரினே போதும் என்று மனதார நம்பியவர் குறைந்த அளவையே எழுதியிருக்கலாமே. பொய்யான எண்ணை எழுதிய கை, கேள்வி வரும் என்பதை அறிந்த கை.

மே 17-க்குப் பிறகு குற்றத்தின் தன்மையே மாறிவிடுகிறது. அன்று கிருமி இருப்பதாக ஆய்வக முடிவு, சகோதரர்களில் ஒருவரான மேலாளருக்கு வந்தது. 19-ஆம் தேதி முதல் சுகாதார அலுவலகம் கேட்டபோதெல்லாம் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே அவர் சொன்னார். அதுவரை நடந்தது அலட்சியம். இதுவோ, தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பை மக்களிடமிருந்து பறித்தது. அலுவலகம் தானாகவே எச்சரிக்கை விடுத்தது 21-ஆம் தேதி. இரண்டு நாள் முந்தியிருந்தால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பர் என்பது ஆணையத்தின் கணிப்பு.

பண்ணைக்காரர் முறைப்படியே எருவைக் கையாண்டவர். காரணம் அவர் நிலத்தில் இருந்தது, குற்றம் அவரிடம் இல்லை. அரசின் நிலை வேறு. 1996-இல் குடிநீர்ச் சோதனையைத் தனியார் ஆய்வகங்களிடம் விட்ட மாகாண அரசு, மோசமான முடிவைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமையை அவற்றின்மேல் சுமத்தவில்லை. சகோதரர்களுக்குத் தேர்வின்றி, அனுபவத்தின் பேரிலேயே சான்றிதழ் கிடைத்திருந்தது. குளோரினைத் தொடர்ந்து அளக்கும் கருவி கிணற்றில் இருந்திருந்தால் இந்தப் பேரிடரே நிகழ்ந்திராது என்றும் ஆணையம் கண்டது. ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பி ஓர் ஊரை விட்டுவைத்தவர்களின் பிழை இது. இதனால் பொய் எழுதியவரின் பங்கு குறைந்துவிடாது. பழி பங்கு பிரியப் பிரியத் தேய்கிற பொருள் அல்ல.

2004-இல் மேலாளருக்கு ஓராண்டுச் சிறையும் அவர் தம்பிக்கு ஒன்பது மாத வீட்டுக்காவலும் கிடைத்தன. ஒன்டாரியோவின் 2002-ஆம் ஆண்டுப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமோ மோட்டார் அறையைத் தாண்டிச் சென்றது: குடிநீர் அமைப்பை மேற்பார்வையிடும் நகர்மன்ற உறுப்பினர்களும் உரிய கவனத்தோடு நடக்கக் கடமைப்பட்டவர்கள், தவறினால் அபராதமோ சிறையோ அவர்களுக்கும் உண்டு.