யசோதை எடுத்த தாம்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் போதைப் பொருள்களுக்கு இரையாகும் செய்தி வரும்போதெல்லாம், கூட்டுக் குடும்பம் சிதைந்ததே அதற்குக் காரணம் என்று பெரியோர் கூறுவதுண்டு. தாயோ தந்தையோ தனித்து நின்று வளர்க்கும் இல்லங்களைப் பழிப்பாரும் உளர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை இதிஹாஸ புராணங்களைக் கொண்டே ஆராய்தல் தகும்.

பாண்டு மறைந்து, மாத்ரியும் உடன் சென்றபின், குந்தி தனியொருத்தியாக ஐவரை வளர்த்தாள். அவர்களுள் இருவர் அவள் வயிற்றில் பிறந்தவரல்லர். ஆயினும் ஐவரும் தாய்சொல்லைத் தலைமேற்கொண்டனர். துர்யோதனனுக்கோ தாய், தந்தை, பீஷ்மர், விதுரர் என உற்றார் நிறைந்த அரண்மனை வாய்த்தது. விதுரர் பலகால் இடித்துரைத்தும் த்ருதராஷ்ட்ரன் மகனைத் தடுத்திலன். புறக்கண் இல்லாமை அவன் குற்றமன்று. அறிந்தும் தடாத பாசமே குற்றமாயிற்று.

யாதவர் குலம் கண்ணனே அவதரித்த பெருங்குலம். அக்குலத்தாரே ப்ரபாஸ தீர்த்தத்தில் மதுவுண்டு மதிமயங்கி, ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்டனர். ஆள் பெருகிய குடும்பம் என்பதனால் மட்டும் போதை அஞ்சி விலகுவதில்லை.

இக்காலத்து அநுபவமும் இதற்குச் சான்று. ஐஸ்லாந்து என்னும் வடதேசத்தில் 1998-ஆம் ஆண்டு, 15, 16 வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்து வெறித்தவர்கள். 17 பேர் கஞ்சாவைத் தொட்டவர்கள். 2016-இல் இத்தொகை முறையே 5, 7 எனக் குறைந்தது. இதற்காக அங்கே எவரும் குடும்ப அமைப்பை மாற்றிவிடவில்லை. பெற்றோர் பிள்ளைகளுடன் கழிக்கும் நேரத்தைப் பெருக்கினர். பிள்ளையின் நண்பர்களையும் அவர்தம் பெற்றோரையும் அறிந்துகொண்டனர். 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும், கோடையில் நள்ளிரவுக்கு மேலும் தனியே வெளியில் திரியலாகாது என்னும் விதி போற்றப்பட்டது. விளையாட்டும் இசையும் பயிலப் பொதுப்பணம் உதவிற்று. தனித்து வளர்ப்பவருக்குப் பாரம் மிகுதி. அப்பாரத்தை ஊரார் பகிர்ந்துகொண்டால் அது இலேசாகும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

யசோதையும் ஓய்ந்திருந்தவள் அல்லள். தயிர் கடைந்துகொண்டிருந்தவள், வெண்ணெய் திருடிய கண்ணன் பின்னே ஓடினாள். பிடித்தவுடன் குழந்தையின் அச்சத்தைக் கண்டு கையிலிருந்த கோலை எறிந்தாள். ஆனால் விட்டுவிடவில்லை, தாம்பை எடுத்தாள். எத்தனை கயிறு சேர்த்தும் இரண்டு அங்குலம் குறைந்தது. அவள் மேனி வேர்த்ததையும் கூந்தல் அவிழ்ந்ததையும் கண்ட பின்னரே, உலகளந்தவன் கட்டுண்ண இசைந்தான். கோபத்தை விடுதலும் கண்டிப்பை விடாமையும் ஆகிய இரண்டும் இங்கே ஒருங்கே காணப்படும்.

பிள்ளை ஏற்கெனவே வீழ்ந்திருப்பின், மானம் போயிற்றென்று மறைத்தலும், வாயிலுக்கு வெளியே தள்ளுதலும் தகா. போதைக்கு அடிமையாதல் ஒரு நோய். நோயாளிக்கு வைத்தியர் வேண்டும். எம்பெருமான் ஸந்நிதியில் செய்யும் ப்ரார்த்தனை அவ்வைத்தியத்திற்குத் துணையாகுமேயன்றி, அதற்கு மாற்றாகாது.

உத்ஸவத்தில் பெருமாளை ஸேவிக்க வரும் ஆஸ்திகர்கள், திருவீதி முழுதும் பிள்ளையின் கையைப் பற்றியே நடக்கின்றனர், கூட்டத்தில் தவறிவிடுவானோ என்று. அந்தக் கவலை இல்லம் திரும்பிய பின்னும் நீங்காதிருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒருவேளையேனும் பிள்ளையுடன் அமர்ந்து உண்டு, அவன் சொல்வதைச் செவிமடுத்தலே இக்காலத்துக்கு ஏற்ற தாம்பு.

சுபம்.