கரை யாருடையது?

விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்வதில் அறத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பேருந்தேறிப் போய், காலை நனைத்துத் திரும்புவது அத்தனை பெரிய பிரச்சினையா? ஆம் என்பதே நம் விடை. மனிதன் உழைக்கும் இடத்தில் அவனுக்கும் பிறருக்குமுள்ள உறவு எளிதில் கண்ணுக்குப் புலனாகிறது. அவன் இளைப்பாறும் இடத்தில் அவ்வுறவு மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்பதை வெளிக்கொணர்வதே சிந்தனையின் வேலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை எடுத்துக்கொள்வோம். கீரிமலையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மயிலிட்டிக்குச் செல்லும் அந்தக் கரை, காரைநகரின் கசூரினாவைப் போல மென்மணல் விரித்த கரையன்று. பல இடங்களில் அது கல்லும் பாருமாகவே கிடக்கிறது. சுண்ணாம்புப் பாறையின் சிதறல்களும், அலை உடைத்து உருட்டி ஒதுக்கிய முருகைக்கற்களும் காலடியில் நெருடுகின்றன. பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி அடுக்கி வீடு கட்டுகிறார்கள். அவர்கள் கையிலுள்ள ஒவ்வொரு முருகைக்கல்லும் முன்னரே ஒரு வீடாக இருந்தது. எண்ணற்ற சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடிக் கட்டிய வீடு.

அந்தப் பாறையின் இயல்பே கீரிமலையின் புகழுக்கும் காரணம். உள்நாட்டில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் துளைகளில் இறங்கி, நிலத்தடியே வழி கண்டு, உப்புக் கடலின் ஓரத்தில் நன்னீராக ஊறுகிறது. ஆடி அமாவாசையன்று தந்தையரை நினைந்து கடன் செய்வோர் அங்கே கூடுகின்றனர். ஏனைய நாட்களில் நீராடிக் களிக்கக் குடும்பங்கள் வருகின்றன. அதே சுண்ணாம்புக்கல்லை மூலப்பொருளாகக் கொண்டே காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரே கல் ஒருவருக்குத் தீர்த்தத்தையும், ஒருவருக்கு விளையாட்டையும், ஒருவருக்குக் கூலியையும் தந்தது. 1990 இல் போர் வந்து ஆலையை மூடியது.

இத்தகைய கரையில் இன்பம் நுகர்வது சரியா? நம்மவர்களுள் கண்டிப்பான சிலர், மக்கள் இடர்ப்படும் நாட்டில் உல்லாசம் எதற்கு என்பர். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஓய்வு என்பது செல்வர் போட்ட பிச்சையன்று. உழைப்பாளர் போராடிப் பெற்ற உரிமை.

ஆங்கில நாட்டின் பிரைட்டன் கரையும் நம் வடகரையைப் போலக் கல் நிறைந்ததே. ஒரு காலத்தில் அது இளவரசனும் அவன் சுற்றமும் களித்த இடம். 1841 இல் இலண்டனிலிருந்து இரயில் பாதை அங்கே வந்து சேர்ந்த பின்னரே சாதாரண மக்கள் திரளாகக் கடலைக் கண்டனர். 1850 இல் அரச மாளிகையையே அந்நகரம் விலைக்கு வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது. பிரான்சு நாட்டில் 1936 ஆம் ஆண்டு, மக்கள் முன்னணி ஆட்சியின்போது, ஆலைகளை அடைத்து அமர்ந்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வென்றனர். அவர்களுட் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். 1948 இன் உலக மனித உரிமைப் பிரகடனம் ஓய்வையும் விடுமுறையையும் மனிதனின் உரிமைகளுள் ஒன்றாக எழுதிவைத்தது. ஆகவே, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கும் ஆசிரியரோ, எழுதுவினைஞரோ, தோட்டத் தொழிலாளியோ யாருக்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் கேள்வி இங்கே முடிந்துவிடவில்லை. நமக்கு ஓய்விடமாகத் தோன்றும் கரை இன்னொருவருக்கு வேலைத்தலம். வள்ளத்தை இழுத்து ஏற்றுவதும், வலையை உலர்த்திப் பொத்துவதும், மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்குவதும் அதே கரையில்தான். கடற்றொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை தருவார் யார்? வாடைக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவன் பெறுவது ஓய்வன்று, வேலையின்மை. பழந்தமிழர் வகுத்த நெய்தல் ஒழுக்கத்தில் சிறுமியர் மணல்வீடு கட்டி விளையாடியதும் பரதவர் வலை உணக்கியதும் ஒரே கரையில்தான். ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. கருவாட்டு நாற்றம் விருந்தினரின் மூக்கைத் துளைக்கிறது என்பதற்காகத் தொழிலாளியைக் கரையிலிருந்து அகற்ற எண்ணும் மனம் பிற்காலத்தது. கரையை விற்பனைப் பொருளாக்கிய காலத்தது.

விரட்டுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம் வடகரை கண்டிருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கின் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. தொழில் செழித்த மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களுக்குத் திறந்தது. இடையில் சென்றவை 27 ஆண்டுகள். அக்காலத்தில் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களின் குடிசைகளில் பிறந்த குழந்தைகள், கடலோடிகளின் பிள்ளைகளாயிருந்தும், தம் தந்தையரின் கரையில் ஒரு கல்லையும் பொறுக்காமல் வளர்ந்தனர். கடலில் கற்க வேண்டிய தொழிலை அவர்கள் கதையாகக் கேட்டனர்.

மக்கள் திரும்ப முடியாத அந்த நாட்களில் கரை வெறுமையாகவா கிடந்தது? இல்லை. போர் முடிந்த 2009 க்குப் பின் காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் உல்லாச விடுதியொன்றை நடத்தியது. கீரிமலைப் பக்கத்தில் நாட்டின் தலைவருக்கெனப் பெருஞ்செலவில் மாளிகையொன்று எழுந்தது. 2015 இல் ஆட்சி மாறிய பின்னரே அதைப்பற்றி நாடு பரவலாக அறிந்தது. பாதுகாப்பு என்ற பெயரால் மீனவர் வரலாகாது என்ற கரையில், பணம் செலுத்திய விருந்தினர் குளித்து மகிழலாம். இந்த முரண்பாட்டை எந்த அறநூலைக் கொண்டு விளக்குவது?

சட்டநூல்கள்கூட இத்தனை கடுமையாக இருந்ததில்லை. 533 ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் யுஸ்தினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்றையும் ஓடும் நீரையும் கடலையும் கடற்கரையையும் அனைவருக்கும் பொது என்று வகுத்தது. கரையை அணுக எவரையும் தடுக்கலாகாது என்றதோடு, அங்கே குடிசை போட்டுத் தங்கவும் வலையை உலர்த்தவும் எவருக்கும் உரிமையுண்டு என்றும் அது கூறியது. அடிமைகளை உடைமையாகக் கொண்ட சமுதாயமும் வலை உலர்த்துபவனின் உரிமையை எழுதிவைத்தது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். இலங்கையின் 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயமாக வரையறுத்து அரசின் பொறுப்பில் வைத்தது. அரசின் பொறுப்பு என்பது மக்களின் சார்பிலான பொறுப்பு. அதை அரசின் தனிச்சொத்து எனப் பொருள்கொள்வதே கேடு.

அரசைக் குறை கூறிவிட்டு நாம் தப்பிவிடவும் முடியாது. கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறி அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவை மறித்து நின்றவர் அந்நியரல்லர், நம்மவரே. கீரிமலையில் இன்றும் ஆண்களின் கேணி கடலைப் பார்த்து விரிந்திருக்கிறது. பெண்களின் கேணியோ சிறிதாய்ச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கிறது. கூச்சத்துக்கு மறைவு வேண்டும் என்பர், இருக்கட்டும். ஆயினும் குடும்பத்துக்கு உகந்த இடம் என்று நாம் புகழும்போது, அந்தக் குடும்பத்தில் அலையைப் பார்த்துக்கொண்டு நீராடுபவர் யார், ஈரச் சேலையோடு பொட்டலத்தைப் பிரித்துப் பரிமாறுபவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் கடற்கரையில் எப்படி மகிழ்வது என்று மாணவர் சிலர் கேட்பர். இன்பத்துக்குப் பகை அறிவன்று, மறதிதான் பகை. ஒரு வீட்டுக்கு விருந்தாகச் செல்பவன் அவ்வீட்டாரின் துயரை அறிந்திருப்பதால் உணவு கசந்துவிடுவதில்லை. அறியாமலே உண்டுவிட்டு, திண்ணையில் கழிவைக் கொட்டி, வீட்டுக்காரரை ஒதுங்கி நிற்கச் சொல்பவனே அறம் பிழைத்தவன். கரையில் நாம் விருந்தினர். அங்கே வாழ்பவரே வீட்டார்.

எனவே, குடும்பங்களுக்கு ஏற்ற கரை எது என்பதற்கு நாம் ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். ஆழமற்ற நீரும் நிழலும் சிற்றுண்டிக் கடையும் மட்டும் போதா. அந்தக் கரையில் தொழில் செய்யும் குடும்பத்தின் குழந்தை, நம் குழந்தை வரும் அதே வேளையில், அதே உரிமையோடு, எவரிடமும் அனுமதிச் சீட்டுப் பெறாமல் வந்து அலையில் நிற்க முடிகிறதா? முடிந்தால் அது குடும்பங்களுக்குரிய கரை. முடியாவிட்டால் அது சில குடும்பங்களுக்குரிய கரை மட்டுமே.

ஆசிரியர்கள் மாணவரைக் கல்விச் சுற்றுலாவாகக் கீரிமலைக்கு அழைத்துச் செல்கிறார்கள். நகுல முனிவரின் கதையையும், குதிரை முகம் நீங்கப்பெற்ற இளவரசியின் கதையையும் தவறாமல் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவற்றோடு சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் செல்லும் வழியையும், சீமெந்துத் தொழிலாளரின் கதையையும், 27 ஆண்டுகள் மூடியிருந்த துறைமுகத்தின் கதையையும், 1968 இன் கோயில் வாயிலையும் சொல்ல வேண்டும். அதன்பின் பிள்ளைகளைத் தாராளமாக நீரில் விடுங்கள். அவர்கள் சிரிக்கட்டும், கல் பொறுக்கட்டும். இந்தக் கரை எல்லாருடையதும் ஆக வேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் கல்லோடு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஒரு மாணவன் இருந்தாலும், அந்தப் பயணம் வீணாகாது.