மடியில் கனமும் வழியில் பயமும்

ஞானம் உண்டாயிற்று என்பதற்கு அடையாளம் யாது? வைராக்யமே அடையாளம் என்பது பெரியோர் நிர்ணயம். ஸ்ரீமத் பகவத்கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில், நிலைத்த அறிவுடையவனின் இலக்கணத்தை அர்ஜுனன் வினவுகின்றான். ஆசை, அச்சம், கோபம் ஆகிய மூன்றும் நீங்கியவனையே அத்தகையவன் என்று பகவான் அருளிச்செய்கின்றான். இதற்கு உதாஹரணமாகத் திகழ்ந்தவர், தை மாதத்து ஹஸ்த நன்னாளில் அவதரித்த கூரத்தாழ்வான். அவருடைய வைபவத்தைக் குருபரம்பரை வரலாறுகள் விரித்துரைக்கின்றன.

காஞ்சீபுரத்தை அடுத்த கூரத்தில் பெருஞ்செல்வராய் விளங்கிய ஆழ்வான், அச்செல்வம் அனைத்தையும் துறந்து, உடையவர் திருவடி நிழலில் வாழத் திருவுள்ளங்கொண்டு, தேவியாரான ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்திற்குப் புறப்பட்டார். ஆசை நீங்கிற்று. காட்டு வழியில் இருள் சூழ்ந்தது. கள்வர் பயம் உண்டோ என்று ஆண்டாள் வினவ, மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்யும் பொன்வட்டில் ஒன்றை அம்மையார் கொணர்ந்திருப்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆழ்வான் அதை வாங்கி எறிந்தார். அச்சமும் அதனோடு ஒழிந்தது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அம்மையார் அவ்வட்டிலைத் தமக்கென்று கொணரவில்லை. பதியின் பொருட்டே கொணர்ந்தார். அன்பினால் கொண்டதேயாயினும், 'என்னுடையது' என்னும் எண்ணம் புகுந்தவிடத்தில் அச்சமும் உடன் புகுந்துவிடுகின்றது. ஆழ்வான் துறந்தது அந்த எண்ணத்தையே, இல்லறத்தை அன்று. ஸ்ரீரங்கத்தில் உஞ்சவ்ருத்தி செய்து இல்லறமே நடத்தினார். பராசரபட்டர் அவருடைய திருக்குமாரர்.

கோபம் நீங்கியமை பிற்காலத்தில் வெளிப்பட்டது. உடையவருக்கு நேரவிருந்த ஆபத்தைத் தாம் ஏற்றுச் சோழன் சபைக்குச் சென்ற ஆழ்வான், திருக்கண்களை இழந்தார். அதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னர் உடையவர் நியமனப்படி ஆழ்வான் வரதராஜஸ்தவத்தால் பேரருளாளனைத் துதித்தார். பெருமாள் வரமளிக்க முற்பட்டபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றே ப்ரார்த்தித்தார்.

பற்றற்றால் நெஞ்சம் கல்லாகிவிடுமோ என்று ஐயுறுவார்க்கு இதுவே விடை. தேஹமும் ஆத்மாவும் எம்பெருமானுடைய சொத்து என்று தெளிந்தவருக்கு, இழந்தது தம்முடையது என்ற வருத்தமில்லை. வருத்தமில்லாதவிடத்தில் கோபத்திற்கு இடமில்லை. கோபம் விலகிய நெஞ்சில் கருணை தானே நிறைகின்றது.

உத்ஸவத்தில் ஸ்ரீபாதம்தாங்குவோர் பெருமாளை எத்துணைப் பரிவோடு எழுந்தருளப் பண்ணுகின்றனர்! தோள் வலித்தாலும் அசைவு நேராமல் காக்கின்றனர். ஆயினும் திருவாபரணங்களில் ஒன்றையேனும் தமதென்று எண்ணுவதில்லை. மக்களையும் மனையையும் பொருளையும் அவ்வாறே அவனுடைய உடைமையாகப் பரிவோடு தாங்குவதே க்ருஹஸ்தனுக்கு உரிய வைராக்யம். ஸேவித்துத் திரும்பும் அடியார்கள் மடியில் அந்தக் கனமில்லாமல் இல்லம் சேர எம்பெருமான் அருள்புரிவானாக.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.