எட்டி நின்று பார்த்த கோப்பிப் பாத்திரம்



இணையத்திலே ஒன்றைத் தேடப் போய் வேறொன்றில் மாட்டிக்கொள்வது இன்று நம் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்படி எனக்கு அகப்பட்ட வேடிக்கையான செய்தி ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்தில் ஆய்வாளர் பலருக்கும் பொதுவாக ஒரு கோப்பிப் பாத்திரம் இருந்தது. வேறு மாடிகளில் இருந்தவர்கள் ஆவலோடு படியிறங்கி வருவார்கள். பாத்திரம் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் அல்லவா! 1991ஆம் ஆண்டு பாத்திரத்தை நோக்கி ஒரு கமராவைப் பொருத்திவிட்டார்கள். கோப்பி இருக்கிறதா என்பதை இருந்த இடத்திலேயே திரையில் பார்த்துக்கொண்டார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. உலகின் பல பாகங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர், தாங்கள் ஒரு துளியும் குடிக்க முடியாத அந்தக் கோப்பியைப் பார்த்து மகிழ்ந்தார்கள். 2001இல் கமரா நிறுத்தப்பட்டது. கோப்பி இயந்திரம் 3,350 பவுணுக்கு ஏலம் போனது!

வாசித்துச் சிரித்தேன். பிறகு யோசித்தேன். பாத்திரம் வெறுமை என்பதைக் கமரா காட்டியது. அதை நிரப்புவதற்கு யாரோ ஒருவர் எழுந்து போகத்தான் வேண்டியிருந்தது.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எரிக்கோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியனும் கண்டான். மூவருக்கும் கண் நன்றாகவே தெரிந்தது. கிட்டப் போனவன் ஒருவன் மட்டுமே.

இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா இங்கே தனியே. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். கைத்தொலைபேசியில் அம்மாவின் முகம் தெரிகிறது. குசினிச் சுவரும் தெரிகிறது. “சாப்பிட்டீங்களா அம்மா?” “ஓம் மகன், சாப்பிட்டிட்டன்.” அடுப்பு எரிந்ததா என்பது அந்தப் படத்தில் தெரியாது.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. போர் விரட்டி ஓடியவர்கள் எத்தனை பேர்! வர விரும்பியும் வர முடியாதவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி அதே உவமையிலே இருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. அந்த நல்ல சமாரியனும் மறுநாள் புறப்பட்டுப் போய்விட்டான். தங்கியிருக்க அவனால் முடியவில்லை. ஆனால் போகுமுன் இரண்டு தெனாரியங்களைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, பார்த்துக்கொள்ளும்படி கேட்டு, திரும்பி வருவதாகவும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

வெளிநாட்டிலிருந்து தெனாரியங்கள் தவறாமல் வருகின்றன. சத்திரக்காரன் எங்கே? இரண்டு ஒழுங்கைகள் தள்ளியிருக்கும் நாமும் முகநூலில் அந்த அம்மாவின் பிறந்தநாள் படத்தைப் பார்த்து, விருப்பக்குறி ஒன்று போட்டுவிட்டு இருந்துவிடுகிறோமே! இதை எழுதும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஒழுங்கையில் அப்படியான வீடு எது என்பது உங்களுக்குத் தெரியும். வரும் ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் அந்தப் படலையைத் திறவுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். “அம்மா, ஒரு தேத்தண்ணி தாருங்கோ” என்று நீங்களே கேளுங்கள். அவர் கேத்தலை அடுப்பில் வைக்கும்போது குசினிக்குள் போய்க் கூட நில்லுங்கள்.