வாங்குகிறவரின் பங்கு

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி தரப்பட்டதாக 2025இல் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடையும் வந்தது. அதிகாரிகளை நோக்கியும் நிறுவனங்களை நோக்கியும் கேள்விகள் பாய்ந்தன. பாயத்தான் வேண்டும். ஆனால் சதுப்பில் எழும் வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறவரை யாரும் கேட்பதில்லை. அவருக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பங்கு சிறியதும் அன்று.

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணையில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் கழிமுகத்தில் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் விரிந்திருந்த நிலம் இது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,250 ஹெக்டேர்தான். நிலம் இப்படிச் சுருங்க, மழையோ வலுக்கிறது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் மழையாகும்போது கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. இப்படிப்பட்ட காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் நிலத்தை மண்கொட்டி மேடாக்குவது, அண்டை வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடுவதேயாகும். போதாததற்கு, சதுப்பின் சேறு நெடுங்காலமாகச் சேர்த்து வைத்த கரிமமும் அதைக் கிளறும்போது காற்றில் கலக்கிறது.

அந்த அண்டை வீடு யாருடையது? கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் பலர் இந்தச் சதுப்பின் அருகே உள்ள பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும்தான் குடியேற்றப்பட்டார்கள். நீர்க்கரையில் வாழ்வது ஆபத்து என்று சொல்லிப் பெயர்க்கப்பட்டவர்களின் வாசலுக்கே வெள்ளத்தைத் தள்ளுவது எந்த அறத்தில் அடங்கும்?

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழையைத்தான் வைத்தார். இளங்கோ புகார் நகரைப் போற்றுமுன் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றினார். புறநானூற்றில் குடபுலவியனார், நீரை நிலத்தோடு சேர்த்துத் தேக்குவதே நிலைத்த புகழ் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தார். பிசிராந்தையாரோ, யானை தானே வயலில் புகுந்தால் உண்பதைவிட மிதித்தழிப்பதே மிகுதி என்று அறிவுடை நம்பியை எச்சரித்தார். அது வரி வாங்கும் அரசனுக்குச் சொன்னது. நிலம் வாங்கும் நமக்கும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் நேரடியான தீர்ப்பு திருக்குறளின் ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தில் இருக்கிறது. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விலைக்கு விற்போரும் இருக்கமாட்டார் என்கிறார் வள்ளுவர். கொல்லாமல் வாங்க மட்டும் செய்கிறவனையும் அவர் விட்டுவிடவில்லை. “நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்” என்ற சமாதானம் அந்த ஒரு குறளின் முன் நிற்காது.

ஓஎம்ஆரில் வேலை, மாதம் தவறாத வாடகை, இருபது ஆண்டுக் கடன் என்று திணறும் குடும்பத்துக்குச் சொந்த வீடு பெருங்கனவு, அதை மறுக்கவில்லை. சிஎம்டிஏ அனுமதியும் வங்கியின் ஒப்புதலும் இருக்கும்போது தங்கள் மேல் என்ன குற்றம் என்று அவர்கள் கேட்கலாம். அனுமதிச் சீட்டு சட்டத்துக்குப் பதில் சொல்லும், அறத்துக்குச் சொல்லாது. தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைப் போற்றும் நாம், சில லட்சங்கள் மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

மின்விளக்கை அணைப்பதும் பேருந்தில் போவதும் நல்ல செயல்களே. ஆனால் நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் எடுக்கும் மிகப் பெரிய முடிவு வீடுதான். பருவநிலைக்காக ஒருவர் செய்யக்கூடியதும் அங்கேதான் மிகுதி. வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், சர்வே எண்ணைச் சதுப்பின் எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அங்குள்ள பழைய குடிகளிடம் விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்களுக்கும் கடமை உண்டு. தங்கள் வளாகச் சுவர் வாய்க்காலை மறித்திருந்தால், குடியிருப்போர் சங்கம் அதைத் தன் செலவில் திறந்துவிட வேண்டும். அதற்கு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.